யூசர் லிஸ்ட்டையும் டெவலப்பர் லிஸ்ட்டையும் ஒண்ணாக்கலாமா?

ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் ஒண்ணுல யூசருக்கு ஒண்ணு, டெவலப்பருக்கு ஒண்ணுன்னு ரெண்டு மெயிலிங் லிஸ்ட் (ஒரு அட்ரஸுக்கு அனுப்பினா சேந்திருக்கற எல்லாருக்கும் போற மெயில் குழு), ரெண்டுலயும் பெருசா நடமாட்டம் இல்ல, சேத்துடலாமான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டுலயும் பெரும்பாலும் அதே ஆளுங்கதான்னா தாராளமா சேருங்க. கோட்ல வர்ற மாத்தங்கள பதிஞ்சு வைக்கற கிட் (Git) ப்ராஜெக்ட்ட பாருங்க, பேட்ச், அதாவது கோட் திருத்தம், அனுப்பறவங்களும் டவுட் கேக்கறவங்களும் ஒரே லிஸ்ட்லதான் இருக்காங்க, அதனால யூசர் எங்க தடுமாறுறாங்கன்னு கோட் எழுதறவங்க கண்ணுல நேரா படுது, எனக்கு இதுதான் ரொம்ப பெரிய லாபமா தெரியுது.

ஆனா லினக்ஸ் கெர்னல் (லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) மாதிரி மெயில் கொட்டுற எடம்னா கதையே வேற. அங்க நெட்வொர்க்கிங்குக்கு தனி, மெமரி மேனேஜ்மென்ட்டுக்கு தனின்னு பிரிச்சு வச்சிருக்காங்க, எந்த பேட்ச் யாருக்கு போகணும்னு சொல்லவே ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு. அதெல்லாத்தையும் ஒண்ணாக்கினா முழுசா படிக்க ஆளே இருக்காது.

சேக்கறதா இருந்தா பழைய மெயிலெல்லாம் சேத்து வச்சிருக்கற ஆர்கைவ மட்டும் தயவுசெஞ்சு அழிச்சுடாதீங்க, கோட மாத்தும்போது எழுதற குறிப்பான கமிட் மெசேஜ்லயும் பக் ரிப்போர்ட்லயும் அந்த லிங்க்கதான் குடுத்திருப்பாங்க, அது செத்துப்போச்சுன்னா அந்த கோட ஏன் அப்படி எழுதினாங்கன்னு பின்னாடி வர்றவங்களுக்கு தெரியவே தெரியாது. பழைய அட்ரஸுக்கு வர்ற மெயில் புதுசுக்கு ஃபார்வர்ட் ஆகட்டும். செக்யூரிட்டி ஓட்டைய சொல்றதுக்கு ப்ரைவேட் லிஸ்ட் ஏதாவது இருந்தா அத இதுல சேக்கவே கூடாது, அடைக்கறதுக்கு முன்னாடியே ஊருக்கே தெரிஞ்சுடும்.