பண மரத்தின் இலைகள் பழுத்து உதிர்வது ஏன்?

பின்னல் தண்டுடன் வாங்கிய பண மரத்திற்கு நாள்தோறும் நீர் ஊற்றியும் இலைகள் மஞ்சளாகி உதிர்வதாகக் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அந்த அன்றாட நீரே காரணமாக இருக்கும்.

பச்சிரா அக்வாட்டிகா எனப்படும் இம்மரம், நம் வீடுகளில் படரும் மணி பிளான்ட் கொடியன்று. இலவம், பருத்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மத்திய, தென் அமெரிக்காவின் ஆற்றோரச் சதுப்புகளில் இயல்பாக வளர்வதால், இதற்கு எப்போதும் ஈரம் வேண்டும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் காட்டில் முழு வெளிச்சத்தில் நிற்கும் மரம் நீரை வேகமாக உறிஞ்சிவிடும். மங்கலான அறையில், சிறிய தொட்டியில் அது இயலாததால், தேங்கிய நீர் வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் செய்து அழுகலை உண்டாக்குகிறது. தண்டின் அடிப்பகுதியை அழுத்திப் பாருங்கள். அது மெத்தென்று அமுங்கினால் அழுகல் மேலேறிவிட்டது என்று பொருள், அந்தத் தண்டைக் காப்பாற்றுவது கடினம்.

தண்டு உறுதியாக இருந்தால் கவலை வேண்டாம். மேல்மண் இரண்டு அங்குல ஆழத்திற்குக் காய்ந்த பிறகே, அடித்துளை வழியே வடியும் அளவுக்கு நீர் ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். மண்ணில் ஆற்றுமணலோ, பெர்லைட் எனும் இலேசான வெண்ணிறத் துகளோ கலந்திருப்பது நல்லது. உச்சிவெயில் நேராகப் படாத, வெளிச்சம் மிகுந்த சன்னலோரம் இதற்கு ஏற்றது. இடத்தை அடிக்கடி மாற்றினாலும் இலை உதிரும். பின்னலை இறுக்கும் கம்பியோ நாடாவோ இருந்தால், தண்டு பருக்கும்போது அதை நெரிக்காதவாறு உடனே அகற்றுங்கள். கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.