இளம் தம்பதி குறைந்த செலவில் சொகுசுக் கப்பல் பயணம் போக முடியுமா? நல்ல டீல்களை எப்படிப் பிடிப்பது?

போகலாம். நாங்கள் போனோம். 2024 செப்டெம்பரில், சிங்கப்பூரில் ஏறி மூன்று இரவு. நானும் மனைவியும் யாழ்ப்பாணத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் ஒருவன் புது மோட்டார் சைக்கிள் வாங்கினாலே "வெளியில ஆர் இருக்கினம்?" என்றுதான் கேட்பார்கள். கப்பல் படம் போட்ட அன்றைக்கே மூன்று பேர் கேட்டார்கள். கனடாவில் எனக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார், உண்மைதான். அவரிடம் இருந்து கடைசியாக வந்தது ஒரு சொக்லேட் பெட்டி. எங்கள் காசு சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு.

கேள்வி கேட்டவர் வயதையோ ஊரையோ சொல்லவில்லை. புதிதாகக் கல்யாணம் முடித்தவர், கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, "ஒருவருக்கு 245 டொலர் மட்டும்" என்று போனில் வந்த விளம்பரத்தை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். நான் அப்படித்தான் இருந்தேன்.

எனக்கு இந்த ஆசை பிடித்தது 2023 ஜூனில். சென்னையில் இருந்து எம்பிரெஸ் என்ற சொகுசுக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வரத் தொடங்கிய நேரம். அதைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு வடக்குக் கரைக்குப் போனேன். கப்பலில் வந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி நல்லூரையும் கோட்டையையும் காட்டுகிறார்கள் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். நாங்களும் இதில் போகலாம் என்றேன். எங்கே ஏறுவது என்று கேட்டாள். சென்னையில் என்றேன். மாமி வீடு தெல்லிப்பழையில், காங்கேசன்துறைத் துறைமுகத்தில் இருந்து கூப்பிடு தூரம். "அப்ப நாங்கள் விசா எடுத்து, பிளேன் ஏறி, சென்னைக்குப் போய், அங்க கப்பல் ஏறி, காங்கேசன்துறையில இறங்கி, அம்மா வீட்டில சாப்பிட்டிட்டுத் திரும்பிக் கப்பல் ஏறுறதோ?" என்றாள். அத்தோடு அந்தத் திட்டம் முடிந்தது. (உங்களுக்கு அது சரிவரும் என்றால் தாராளமாகப் போங்கள். யாழ்ப்பாணத்துப் பலாலியில் இருந்து சென்னைக்கு இப்போது விமானம் இருக்கிறது. ஆனால் கப்பல் இந்தியாவை விட்டு வெளியே போய்த் திரும்பும் என்பதால், ஒரு தடவை மட்டும் நுழையலாம் என்ற விசா போதாது. இதை விசாவுக்குப் போடும்போதே கவனியுங்கள். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடும் கப்பலும் இதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை, அது அக்கரைக்குக் கொண்டுபோய் விடும் படகுச் சேவை, நாலு மணித்தியாலம், அவ்வளவுதான்.)

அடுத்து சிங்கப்பூர். எங்கள் இலங்கைப் பாஸ்போட்டுக்கு அங்கே முன்கூட்டி விசா தேவையில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் வசதியான துறைமுகம். வருகை அட்டை ஒன்றை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்கும் காசு கேட்கும் தளங்கள் இருக்கின்றன, ஏமாறாதீர்கள்.

முதலில் நாங்கள் செய்த பிழையைச் சொல்கிறேன். டவுனில் ஒரு ஏஜென்சி, பெயர் வேண்டாம். சுவர் முழுக்கக் கப்பல் படம். தலைக்கு ஒரு இலட்சத்துக்குள் எல்லாம் முடியும் என்றார்கள். 25,000 ரூபா முற்பணம் கட்டினேன். இரண்டு கிழமை கழித்துத் திகதி மாறிவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு விமான ரிக்கெற் அந்த விலையில் இல்லை என்றார்கள். விமானம் "எல்லாம்" என்பதற்குள் வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காசைத் திருப்பி வாங்க நாலு மாதம், அதிலும் 5,000 ரூபாவை "வேலைக்கூலி" என்று கழித்தார்கள். என்ன வேலை என்று இன்றுவரை விளங்கவில்லை. எல்லா ஏஜென்சியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நல்லவர்கள் இருப்பார்கள், எனக்குக் கிடைத்தவர் அவர்.

அதன் பிறகு மனைவி பொறுப்பெடுத்தாள். அவள் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுபவள். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் "சொன்ன விலை", வலது பக்கம் "உண்மை விலை" என்று எழுதினாள். ஒரே கப்பல், ஒரே வகை அறை, மூன்று தளத்தில் மூன்று விலை. ஒவ்வொன்றிலும் காசு கட்டும் கடைசிப் பக்கம் வரைக்கும் போய், அங்கே வரும் தொகையை மட்டும்தான் வலது பக்கத்தில் எழுதுவாள். முதல் பக்கத்தில் மலிவாக இருந்தது கடைசிப் பக்கத்தில் மலிவாக இருக்கவில்லை. இரண்டு மாதம் இதே வேலை. எனக்கு அந்தக் கொப்பியைக் கண்டாலே கொட்டாவி வரும். ஆனால் டீல் பிடிப்பது என்பது அதுதான், வேறு மந்திரம் இல்லை.

அந்தக் கொப்பியின் வலது பக்கத்தை இங்கே தருகிறேன். அறை ஒருவருக்கு 245 டொலர், இருவருக்கு 490. துறைமுகக் கட்டணமும் வரியும் இருவருக்கு 150. கப்பல் ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம் என்று ஆளுக்கு ஒரு இரவுக்கு 18 டொலர், மொத்தம் 108. ஆகக் கப்பலுக்கு மட்டும் 748 டொலர், அப்போது அமெரிக்க டொலர் ஒன்று 300 ரூபா, எனவே 2,24,400 ரூபா. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து சிங்கப்பூர் போய்வர இருவருக்கும் 1,64,000. கப்பல் பினாங்கில் நின்றதால் மலேசிய விசா. யாழ்ப்பாணத்தில் இருந்து இரவு பஸ், சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஓர் இரவு தங்கல், காப்புறுதி, சாப்பாடு. எல்லாம் கூட்டினால் நாலரை இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல். விளம்பரத்தில் இருந்தது இருவருக்கும் ஒன்றரை இலட்சம்கூட இல்லை. மூன்று மடங்கு. உங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் வரும், எனவே விளம்பர விலையைப் பார்த்து அல்ல, வீட்டுப் படலையில் இருந்து வீட்டுப் படலை வரைக்கும் கணக்குப் போட்டு முடிவெடுங்கள்.

நாலரை இலட்சம் குறைந்த செலவா என்று கீழே ஒருவர் வந்து கேட்பார், தெரியும். என் கல்யாணத்துக்கு வீடியோவுக்கும் அல்பத்துக்கும் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேல் போனது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ட்ரோன் மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. தாலி கட்டும் நேரம் அது எங்கே போனதோ தெரியாது, வீடியோவில் தாலி கட்டும் இடத்தில் வீடியோக்காரரின் முதுகுதான் இருக்கிறது. அதுவும் எட்டு மாதம் கழித்து, பதினொரு தடவை போன் எடுத்த பிறகு. ஊர் கூடிப் பார்க்க மூன்று இலட்சம் கொட்டினால் அது கௌரவம், நாங்கள் இருவரும் தனியாகப் போய்வர நாலரை இலட்சம் செலவழித்தால் அது கொழுப்பு. சரி, விட்டுவிடுகிறேன், கேட்டது கப்பலைப் பற்றி.

கடைசி நேர டீலுக்குக் காத்திருங்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் இருப்பவருக்கு அது சரி. பையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் துறைமுகத்துக்குப் போய்விடுவார். நாங்கள் கடைசி நேரத்தில் அறையில் 80 டொலர் மிச்சம் பிடித்து விமானத்தில் 150 டொலர் கூடக் கொடுப்போம், விசாவும் கைக்கு வராது. ஜனவரியில் இருந்து மார்ச் வரை கப்பல் கொம்பனிகள் விற்பனையை முடுக்கிவிடும் காலம், விலைக்கழிவுகள் வரும். நாங்கள் மார்ச்சில் பதிவு செய்தோம். போகும் மாதம் முக்கியம். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை வரும் ஜூன், நவம்பர் கடைசி, டிசெம்பர், அப்புறம் சீனப் புத்தாண்டு, இவற்றைத் தொடாதீர்கள். கிழமை நாட்களில் ஓடும் கப்பல் வெள்ளிக்கிழமை ஏறும் கப்பலை விட மலிவு. எங்களுடையது ஞாயிறு ஏறிப் புதன் இறங்குவது. பதிவு செய்த பிறகும் விலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மனைவி பார்த்தாள், ஆளுக்கு 20 டொலர் இறங்கியிருந்தது, மின்னஞ்சல் போட்டாள், கப்பலில் செலவழிக்க 40 டொலர் வரவு வைத்தார்கள். கேட்காவிட்டால் தந்திருக்க மாட்டார்கள்.

விலையெல்லாம் ஓர் அறையில் இரண்டு பேர் என்ற கணக்கில்தான் போடுகிறார்கள். தனியாகப் போகிறவர் கிட்டத்தட்ட இரண்டு பேர் காசையும் கட்ட வேண்டும். தம்பதியாகப் போவதில் கிடைக்கும் ஒரே இலாபம் இது என்று மனைவி சொல்கிறாள்.

அறை யன்னல் இல்லாத உள் அறை. அதிலும் அறை இலக்கத்தைக் கொம்பனியே பிறகு தீர்மானிக்கும் வகை, அதுதான் எல்லாவற்றிலும் மலிவு. லிப்டுக்குப் பக்கத்தில் கிடைத்தது, இரவு ஒரு மணிக்கும் ஆட்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். விளக்கை அணைத்தால் கை தெரியாத இருட்டு. முதல் நாள் காலை விடிந்தது தெரியாமல் பத்து மணி வரை படுத்திருந்து சாப்பாட்டு நேரத்தைக் கோட்டை விட்டோம். பிறகுதான் டிவியில் ஒரு சனலில் கப்பலின் முன்பக்கக் கமெராப் படம் இரவு பகலாக ஓடுவதைக் கண்டோம். சத்தத்தை நிறுத்தி அதைப் போட்டுவிட்டுப் படுத்தோம். ஆறு மணிக்கு டிவி மெல்ல நீலமாகி, பிறகு மஞ்சளாகி, அறையே வெளித்தது. யன்னல் உள்ள அறை எடுக்காததால் 200 டொலர் மிச்சம்.

தலைசுற்றல் பயம் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்து அறையாக எடுங்கள், ஆட்டம் குறைவு. மலாக்கா நீரிணையில் பெரிதாக ஆடவும் இல்லை. சோழகக் காற்றில் குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் படகில் போய் வந்த வயிறு என்றால் இதற்குப் பயப்படத் தேவையே இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். கப்பலில் செய்யும் செலவுக்குப் பிணையாக டெபிட் காட்டைக் கொடுக்காதீர்கள். அவர்கள் பிடித்துவைத்த காசு எங்கள் கணக்குக்குத் திரும்பி வர மூன்று கிழமை ஆனது, அந்த மாதம் கடன் வாங்கித்தான் சமாளித்தோம். அடுத்தது, கப்பலில் ஏறியதும் போனை ஃபிளைட் மோடுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் கப்பலின் வலையமைப்பில் தானாகத் தொற்றிக்கொண்டு பில் ஏறும். சாப்பாடு விலைக்குள் அடக்கம்தான், ஆனால் அறையில் வைத்திருக்கும் தண்ணீர்ப் போத்தலுக்குக் காசு. சாப்பாட்டுக் கூடத்தில் வாங்கிக் குடியுங்கள்.

அம்மாவுக்குச் சொன்ன கதையையும் எழுதாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. "உனக்கென்ன விசரே? காசு குடுத்துக் கப்பலில போறியளோ?" என்றார். அவருக்குக் கப்பல் என்றால் 2006தான். ஓகஸ்ட்டில், யுத்தத்தில், யாழ்ப்பாணத்துக்கு வரும் தரைவழியான ஏ9 பாதையை மூடிய பிறகு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்து, பெயர் வரும் வரைக்கும் நாள் கணக்கில் காத்திருந்து, காங்கேசன்துறையில் ஏறித் திருகோணமலைக்குப் போனோம். எனக்குப் பத்து வயது. எண்ணெய் மணம், தரையில் விரித்த சாறி, சொப்பிங் பையில் சத்தி. அம்மா விடிய விடிய என் நெற்றியில் கை வைத்துக்கொண்டே இருந்தார். தானும் சத்தி எடுத்துக்கொண்டு.

திரும்பி வந்த பிறகு போனில் படங்களைக் காட்டினேன். நீச்சல் தடாகத்தை ஒரு தள்ளு, சாப்பாட்டுக் கூடத்தை ஒரு தள்ளு. எங்கள் அறைப் படம் வந்ததும் நிறுத்தினார். விரலால் பெரிதாக்கிச் சுவரைத் தேடினார்.

"யன்னல் இல்லையோ?"

"இல்லை அம்மா, இதுதான் மலிவு."

"நாங்கள் போனதிலயும் இல்லை" என்றார். பிறகு, "இதுக்கு எவ்வளவு குடுத்தனீ?" என்று கேட்டார்.

பாதியைத்தான் சொன்னேன்.