டி.டி.எச். டிஷ்ஷை வைத்து அண்டப் பின்னணியின் தளவிளைவை அளக்க முடியுமா?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். வீட்டில் பழைய 60 செ.மீ. டிஷ் ஒன்று கிடக்கிறது. அதன் முன்னால் சமிக்ஞையை வாங்கும் எல்.என்.பி. கருவிக்கு 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்துத் தளத்தில் அதிரும் அலையும், 18 வோல்ட் கொடுத்தால் கிடைமட்டத் தளத்தில் அதிரும் அலையும் கிடைக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து பெருவெடிப்பின் மிச்ச ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணியின் தளவிளைவை (அலை ஒரு தளத்தில் கூடுதலாக அதிர்வதை) அளக்கலாமா?

பதில்: யோசனை சரியானதுதான். தென்துருவத்தில் இருந்த பைசெப்2 தொலைநோக்கியும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு ஆன்டெனாக்களின் அளவைக் கழித்துத்தான் பார்த்தது. ஆனால் கணக்கு உங்களுக்குச் சாதகமாக இல்லை.

உங்கள் அமைப்பின் இரைச்சல் வெப்பநிலை (தேவையற்ற சமிக்ஞையை வெப்பநிலையாகச் சொல்லும் அளவு) 100 கெல்வின், அலைப்பட்டை அகலம் 1 கிகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஒரு நொடிக்கு இரைச்சல் 3 மில்லிகெல்வின். நீங்கள் தேடுவதோ 1 மைக்ரோகெல்வினுக்கும் கீழே. இரைச்சலை அந்த அளவுக்கு இறக்கவே ஒரு கோடி நொடி, அதாவது ஏறக்குறைய நான்கு மாதம் தொடர்ந்து அளக்க வேண்டும். அத்தனை நாளும் பெருக்கம் (கருவி சமிக்ஞையை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) பத்துக் கோடியில் ஒரு பங்குகூட நகரக் கூடாது. மொட்டைமாடி வெயிலில் அது ஒரு சதவீதம் மாறினாலே 1 கெல்வின் போய்விடும். இரு தளங்களுக்கும் முதல்நிலைப் பெருக்கிகள் தனித்தனி என்பதால், கழித்தாலும் அது முழுதாக நீங்காது.

இதனால்தான் பைசெப்2 தொலைநோக்கியையே பார்வை அச்சில் சுழற்றினார்கள். 90 பாகை திருப்பினால் வானத்துத் தளவிளைவின் குறி மாறும். கருவியின் பிழை மாறாது. இதை எல்.என்.பி.யைக் கையால் திருப்பி நீங்களே செய்து பாருங்கள், அருமையான பாடம்.

இன்னொரு தடை நம் பால்வீதி. 11 கிகாஹெர்ட்ஸில் அதன் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சே (காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலெக்ட்ரான்கள் உமிழ்வது) மேலோங்கி நிற்கும். 150 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணை நம்பி 2014-இல் பைசெப்2 குழு அறிவித்த ஆதி ஈர்ப்பலைத் தடயம் (அண்டத்தின் தொடக்கத்தில் எழுந்த ஈர்ப்பலைகளின் சுவடு), பிளாங்க் செயற்கைக்கோளின் 353 கிகாஹெர்ட்ஸ் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது நிலைக்கவில்லை. பெரும்பகுதி விண்மீன்வெளித் தூசிதான் என்று 2015-இல் தெளிவானது.

ஆகவே புராஜெக்டுக்கு பிளாங்க் தரவையே எடுங்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஆவணக்களத்தில் இலவசம். பால்வீதித் தளத்தை மறைத்துவிட்டு, வெப்ப வரைபடத்தில் உள்ள சூடான புள்ளிகளை ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுங்கள். அவற்றைச் சுற்றித் தளவிளைவு வளையங்கள் தெரியும். வளையம் சிதைந்து வந்தால், தளவிளைவைத் தரும் 'க்யூ', 'யு' என்ற இரு வரைபடங்களில் முதலில் 'யு'வின் குறியைப் பாருங்கள்: அண்டவியலாளர் மரபும் பன்னாட்டு வானியல் சங்க மரபும் அதில் நேர் எதிர்.