குச்சிக்கிழங்கைத் தின்பது காட்டுப்பன்றியா, முள்ளம்பன்றியா?

கேள்வி: ஐயா, சேர்வராயன் மலையடிவாரத்தில் குப்பனூர் பக்கம் 2 ஏக்கரில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்டிருக்கிறேன். 8 மாதப் பயிர். ஓடையோரத்தில் ராத்திரிக்கு இரண்டு மூன்று செடி அடியில் பறித்துத் தின்னப்படுகிறது. மிச்சக் கிழங்கில் உளியால் செதுக்கியது போல் தடம். வரப்பில் உள்ள தென்னங்கன்றின் அடியும் கடிபட்டிருக்கிறது. காட்டுப்பன்றிதான், கம்பி கட்டிக் கரண்டு விடு என்கிறார்கள். விடலாமா?

பதில்: கரண்டு மட்டும் வேண்டாங்க. மின் இணைப்பை நேரடியாக வேலிக்குக் கொடுப்பது குற்றம். அதைவிட, இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகும் உங்கள் வீட்டு ஆளே அந்தக் கம்பியை மிதிக்கலாம். சோலார் வேலி வேறு. அதற்கும் காட்டை ஒட்டிய நிலமென்றால் வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும்.

அப்புறம், இது பன்றி வேலையாகத் தெரியவில்லை. பன்றிக் கூட்டம் இறங்கினால் இரண்டு மூன்று செடியோடு போகாது. மூக்கால் கிளறி, விடியும்போது வயலை ஏர் ஓட்டியது மாதிரி போட்டுவிடும். ஈர மண்ணில் பிளந்த குளம்புத் தடம் தெரியும். நீங்கள் சொல்லும் உளித்தடம் முள்ளம்பன்றியின் முன்பல் தடம். பேரில்தான் பன்றி, உண்மையில் எலி, அணில் போலக் கொறிக்கும் பிராணி. பல் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் கிழங்கு, தென்னங்கன்று, மரப்பட்டை எதையும் விடாது. காலையில் ஓடைக்கரையைச் சுற்றிப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட முள் ஒன்றாவது கிடக்கும். பாறை இடுக்கிலோ புதருக்கடியிலோ வளையும் இருக்கும்.

யார் வருகிறார் என்று தெரியாமல் செலவு செய்தால் பணம்தான் வீண். பன்றிக்காகச் சுற்றிலும் சேலை கட்டுவது முள்ளம்பன்றியை நிறுத்தாது. 2025 தொடக்கத்தில் அரசு அறிவித்த சுடும் அனுமதியும் காட்டுப்பன்றிக்கு மட்டும்தான். அதுவும் வனத்துறையினர்தான் சுடலாம், காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்குள் அதுவும் கிடையாது. முள்ளம்பன்றி சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. வளையில் புகை போடுவது, அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த நாட்டுவெடி) வைப்பது எதுவும் கூடாது. நாயை ஏவினால் நாய்தான் வாயெல்லாம் முள்ளோடு திரும்பி வரும்.

முள்ளம்பன்றி பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் வந்து போகும். அதனால் 2 ஏக்கரையும் வளைக்க வேண்டாம். ஓடைப் பக்கம் மட்டும் கம்பி வலை அடித்து, அடிப்பகுதியை ஒன்றரை அடி மண்ணுக்குள் புதைத்து, வெளிப்பக்கமாக மடக்கிவிடுங்கள். ஏறும் பிராணி இல்லை, தரைக்கு மேல் 3 அடி உயரம் போதும். கீழே பறிப்பதைத்தான் தடுக்க வேண்டும். இரண்டு முனையையும் கொஞ்சம் உள்வாங்கி முடியுங்கள், இல்லாவிட்டால் சுற்றி வந்துவிடும். வரப்போரப் புதரை வெட்டி வெளிச்சமாக்குங்கள். தென்னங்கன்றுக்குத் தகரம் சுற்றலாம். லைட், தகர டப்பா சத்தம் எல்லாம் நாலு நாளைக்குத்தான், அப்புறம் பழகிவிடும். கிழங்கு வாங்கும் ஜவ்வரிசி ஆலையில் பேசி, ஓடையோர வரிசைகளை 9ஆம் மாதம் முடிந்ததும் முதலில் பிடுங்கிவிடுங்கள்.

ஏற்காட்டு காபித் தோட்டங்களில் நடமாடும் காட்டெருமை உங்கள் பக்கம் இறங்கினால் விரட்டப் போகாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பயிர்ச்சேதத்துக்குப் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். மரவள்ளி பற்றி வேறு சந்தேகம் என்றால் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். கடிபட்டுச் சாய்ந்த செடியின் தழையையோ மிச்சக் கிழங்கையோ ஆடு மாட்டுக்கு அப்படியே போடக் கூடாது. அதில் சயனைடு நஞ்சு உண்டு, பசியோடு இருக்கும் ஆடு வயிறு நிறையத் தின்றால் சிறிது நேரத்திலேயே மூச்சுத் திணறி விழுந்துவிடும். அப்படி ஆனால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.