செம்புக் குழாய் ஒழுகுகிறதா? கேளுங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர்: மொட்டைமாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டிக்குப் போகும் செம்புக் குழாய், ஈயம் வைத்த எல்போவில் (வளைவு இணைப்பில்) சொட்டுகிறது. மேலே இன்னும் கொஞ்சம் ஈயம் இழுத்துவிட்டால் நின்றுவிடுமா, ஐயா?

நிற்காது. இரண்டு நாள் நின்றதுபோல் போக்குக் காட்டும். ஈயம் வெளியே கட்டியாக நிற்பதில் பயனில்லை. குழாய்க்கும் எல்போவுக்கும் நடுவே மயிரிழை இடுக்கில் ஓடியிருக்க வேண்டும். அங்கேதான் இப்போது களிம்பு உட்கார்ந்திருக்கிறது. சூடு காட்டிக் கழற்றுங்கள். குழாய் முனையைப் புதுக்காசுபோல மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்துப் புது எல்போ போடுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு தொடங்குங்கள். பகலில் அந்தத் தண்ணீர் கையைப் பொசுக்கிவிடும்.

திருவொற்றியூர்க்காரர்: கால் மணி நேரம் ஊதுவிளக்கைப் பிடித்தும் ஈயம் உருகவில்லை. விளக்கில் கோளாறா?

விளக்கில் இல்லை தம்பி, குழாய்க்குள் தண்ணீர் இருக்கிறது. வீட்டில் ஈயச் சொம்பில் ரசம் வைப்பார்களே, உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்புக்கு ஒன்றும் ஆகாது. வெறுஞ்சொம்பை அடுப்பில் மறந்தால் ஒழுகிப் போகும். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். நீங்கள் வைக்கும் ஈயத்துக்கோ 200க்கு மேல் வேண்டும். வால்வை மூடி, கீழே திறந்து முழுவதும் வடியுங்கள். வால்வு தேய்ந்து நூலாகத் தண்ணீர் வந்தால், ஓரம் நீக்கிய ரொட்டித் துண்டை உருட்டிக் குழாய்க்குள் திணியுங்கள். சிரிக்காதீர்கள், ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். வேலை முடிந்து தண்ணீரைத் திறந்தால் கரைந்து வந்துவிடும். அதற்குமுன் குழாய் முனையின் வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள்.

ராயபுரத்து அம்மா ஒருவர்: பிளக்ஸ் பசை அவசியம்தானா?

பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் நவச்சாரம் தூவுவதைப் பார்த்திருப்பீர்கள், அம்மா. அதே வேலைதான், அது இல்லாமல் ஈயம் உருண்டு ஓடும், ஒட்டாது. தீயை எல்போவுக்குக் காட்டி, ஈயக் கம்பியை எதிர்ப்பக்கம் தொடுங்கள். சூடு சரியாக இருந்தால் இடுக்கு தானே உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்துணி போட்டு உடனே குளிரவைக்க வேண்டாம்; தானாக ஆறிய பிறகு மிச்சப் பசையைத் துடைத்துவிடுங்கள்.

எர்ணாவூர் வாசகர்: ரேடியோ பழுதுபார்க்க வாங்கிய ஈயக் கம்பி மீதம் இருக்கிறது. குடிநீர்க் குழாய்க்கு வைக்கலாமா?

கூடாது. அந்த வகைக் கம்பியில் பெரும்பாலும் காரீயம் (லெட்) கலந்திருக்கும், 100 பங்கில் 40 பங்குகூட. குடிநீருக்குக் காரீயம் சேராத, வெள்ளீயக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள்.

பெரம்பூரிலிருந்து: ஏசியின் செம்புக் குழாய்க்கும் இதே முறைதானா?

இல்லை. உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது. தீயைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஏசி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.