சந்தேகம் டியூப் மேலா, பட்டி மேலா?

சாரல் தொடங்கிவிட்டால் இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கேள்விகளும் மாறிவிடும். கோடை முழுக்க ஃபேனும் மோட்டாருமாக எழுதியவர்கள் ஜூன் பிறந்ததும் டியூப் லைட்டுக்கு வந்துவிடுகிறார்கள். காரணம் இருக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில் சுவர் ஓதம் காத்துப்போய், டியூப் மாட்டுகிற பட்டிக்குள் இருக்கும் பித்தளையெல்லாம் களிம்பு பிடித்துவிடுகிறது. இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் டியூப் லைட் கேள்விதான் என்பதால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

*அண்ணாச்சி, அடுக்களையில் ஸ்விட்சைப் போட்டால் டியூபின் இரண்டு ஓரமும் செக்கச்செவேல் என்று எரிகிறது, நடுவில் வெளிச்சமே இல்லை. பார்க்க வந்த பையன் மொத்த செட்டையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டச் சொல்கிறான். அவ்வளவு செலவு செய்யத்தான் வேண்டுமா?*
*— வாசகி, புளியரை*

வேண்டாம் தங்கச்சி. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளத்துக்கு முதல் குற்றவாளி ஸ்டார்ட்டர்தான், அதைத் தாண்டிப் போக வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

ஸ்டார்ட்டர் டப்பாவுக்குள் நிலக்கடலை அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. அதில் இருக்கும் தகடு சூடானால் வளைந்து எதிரில் உள்ள கம்பியைத் தொடும். தொட்டதும் கரண்ட் டியூபின் இரண்டு ஓரத்து இழைகள் வழியாகவும் ஓடி அவற்றைப் பழுக்க வைக்கும், அதற்குள் தகடு ஆறிப்போய் விலகும், விலகுகிற அந்த நொடியில் சோக்கு (பட்டிக்குள் கரண்டைக் கட்டுப்படுத்துகிற கம்பிச்சுருள்) சில நூறு வோல்ட்டை ஓர் உதையாகத் தள்ளும், டியூப் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்ட பிறகு ஸ்டார்ட்டருக்கு வேலையே கிடையாது, எரிகிற டியூபிலிருந்து அதைக் கழற்றினாலும் டியூப் எரிந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் வீட்டில் அந்தத் தகடு ஒட்டிக்கொண்டு விலகாமல் நிற்கிறது, அல்லது பக்கத்தில் இருக்கும் குட்டிக் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகிவிட்டது. அதனால் ஓரம் பழுக்கிறது, உதை மட்டும் வரவில்லை. இப்படியே எரியவிட்டு வைக்காதீர்கள். சோக்கு சூடாகும், இழையும் வீணாகத் தேயும், அப்புறம் பத்து இருபது ரூபாயில் முடிகிற வேலை டியூபையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

எலெக்ட்ரீஷியன் கரண்ட் இருக்கும்போதே ஸ்டார்ட்டரைத் திருகி எடுத்துப் பார்ப்பார், எடுத்ததும் டியூப் எரிந்தால் தீர்ந்தது விஷயம். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு, பக்கத்து அறையில் நன்றாக எரிகிற டியூபின் ஸ்டார்ட்டரை எடுத்து இங்கே போடுங்கள். இடது பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினால் கையோடு வரும்.

ஸ்டார்ட்டர் மாற்றியும் எரியவில்லை என்றால்? இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள், ஒரு காலத்தில் நானும் அவசரப்பட்டேன். சந்தேகப்படுகிற டியூபைக் கழற்றி, நன்றாக எரிகிற பட்டியில் மாட்டிப் பாருங்கள். அங்கே எரிந்தால் டியூப் நல்ல டியூப், கோளாறு பழைய பட்டியில். எரியவில்லை என்றால் டியூப்தான் போய்விட்டது. இதை ஒருபோதும் திருப்பிச் செய்யாதீர்கள், அதாவது கடையில் வாங்கிய புது டியூபைச் சந்தேகப்படுகிற பட்டியில் மாட்டாதீர்கள். சோக்கு உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தால் கரண்டைக் கட்டுப்படுத்த ஆள் இல்லாமல் புது டியூபின் இழை அந்த நொடியே கருகும். நான் இப்படி ஒரே சாயங்காலத்தில் இரண்டு புது டியூபைக் கொளுத்தியிருக்கிறேன். மூன்றாவது டியூப் வாங்கப் போனபோது கடைக்காரர் டியூபைத் தராமல் "அண்ணாச்சி, சோக்கைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

டியூப் நல்லது, ஸ்டார்ட்டரும் நல்லது என்றால் மிச்சம் சோக்கும் ஹோல்டரும். சாரல் காலத்தில் நான் அதில் முதலில் பார்ப்பது ஹோல்டரைத்தான். டியூபின் பித்தளைப் பின்னில் பச்சையாகக் களிம்பு படிந்திருக்கும், ஹோல்டருக்குள் இருக்கும் தகடு தளர்ந்து பின்னைப் பிடிக்காமல் நிற்கும், சில வீட்டில் பல்லி எச்சம் வேறு. பின்னை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்து மறுபடி மாட்டுங்கள். மாட்டிவிட்டுக் கால் சுற்று முழுதாகத் திருப்புங்கள். பாதி திருப்பி விட்டுவிட்டு "எரியவில்லை" என்று எழுதியவர்களும் உண்டு.

மெயினை அணைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு ஸ்டூல் ஏறக்கூடாது. கரண்ட் வருகிற ஃபேஸ் கம்பியில் இருக்க வேண்டிய ஸ்விட்ச் பல வீட்டில் கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பியில் இருக்கிறது. விளக்கு அணையும், ஆனால் பட்டிக்குள் 230 வோல்ட் அப்படியே நிற்கும். மெயினை அணைப்பதற்கு முன்னால் டெஸ்டரை ஒரு ப்ளக் பாயிண்ட்டில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அணைத்த பிறகு ஹோல்டரில் வைத்துப் பாருங்கள். செத்த டெஸ்டரை நம்பி ஏறுவது இன்னும் மோசம்.

*டியூப் லைட் ஏன் உடனே எரியாமல் மினுக்கிவிட்டு எரிகிறது? வகுப்பில் என்னை டியூப்லைட் என்று கூப்பிடுகிறார்கள்.*
*— பிளஸ் டூ மாணவர், பண்பொழி*

மேலே சொன்ன தகடு தொட்டு விலகும்போது உதை சரியாக விழவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும், அந்த ஒவ்வொரு முயற்சியும்தான் நீங்கள் பார்க்கும் ஒரு மினுக்கல். ஸ்டார்ட்டரே வேண்டாத எலெக்ட்ரானிக் சோக்கு வந்த பிறகு டியூப் லைட்டும் மினுக்காமல் எரிய ஆரம்பித்துவிட்டது தம்பி, உங்கள் நண்பர்களுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

*எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் டீக்கடை வைத்திருக்கிறோம். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து டியூப் அணைந்து அணைந்து எரிகிறது, ராத்திரி பத்துக்கு மேல் ஒழுங்காக எரிகிறது. கடையில் கேட்டால் "ட்யூப் போயி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.*
*— வாசகர், ஆரியங்காவு*

டியூப் செத்திருந்தால் பத்து மணிக்கு எப்படி உயிர் வரும்? சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கு, டி.வி., மோட்டார் என்று ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறது. பழைய செம்புக் கம்பிச் சோக்கு 180 வோல்ட் பக்கம் வந்ததுமே திணற ஆரம்பிக்கும். டியூபின் ஓரத்தைப் பாருங்கள். லேசான சாம்பல் வளையம் பரவாயில்லை, இரண்டு அங்குலத்துக்குக் கன்னங்கரேல் என்று இருந்தால் டியூபுக்கும் வயதாகிவிட்டது, இரண்டும் சேர்ந்துதான் இந்த ஆட்டம். தற்காலிகமாகப் புது ஸ்டார்ட்டரும் டியூபும் போட்டால் கொஞ்ச நாள் ஓடும்.

ஆனால் சோக்கே போய்விட்டது என்று வந்தால் இனி புதுச் சோக்கு வாங்காதீர்கள். 36 வாட் டியூப் என்பார்கள், செம்புச் சோக்கு தன் பங்குக்குப் பத்துப் பதினைந்து வாட் தின்னும், ஆக ஐம்பது வாட் ஓடுகிறது. 20 வாட் எல்.இ.டி. பட்டி கிட்டத்தட்ட அதே வெளிச்சம் தரும், பெரும்பாலானவை குறைந்த வோல்டேஜிலும் மினுக்காது. அதோடு 2023 நவம்பரில் ஜெனிவாவில் நடந்த மினமாட்டா உடன்படிக்கை (பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) மாநாட்டில், பாதரசம் இருக்கிற இந்தக் குழல் விளக்குகளின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டரில் தீர்கிற கோளாறுக்காக ஓடுகிற பட்டியைக் கழற்ற வேண்டாம் என்று மேலே சொன்னேன், செத்த பட்டிக்குப் பணம் போடாதீர்கள் என்று இங்கே சொல்கிறேன். இரண்டும் முரண் இல்லை.

*மர அறுவை மில்லில் வேலை பார்க்கிறேன். ராத்திரி டியூப் வெளிச்சத்தில் ஓடுகிற வட்ட ரம்பம் சில நேரம் நின்றுவிட்டது போல, சில நேரம் மெல்லப் பின்னால் சுற்றுவது போலத் தெரிகிறது. கண்ணில் கோளாறா?*
*— வாசகர், செங்கோட்டை*

கண்ணில் ஒன்றும் இல்லை, ஆனால் வந்ததிலேயே அவசரமான கேள்வி உங்களுடையதுதான். நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று, சுற்றுக்கு இரண்டு முறை டியூபின் வெளிச்சம் இறங்கி ஏறும், ஆக நொடிக்கு 100 தடவை. கண் இதைக் கவனிக்காது, ரம்பம் காட்டிக்கொடுத்துவிடும். நிமிஷத்துக்கு 1440 சுற்று ஓடுகிற மோட்டாரில் நேரடியாக மாட்டிய ரம்பம் ஒரு வெளிச்சத்துக்கும் அடுத்த வெளிச்சத்துக்கும் நடுவில் கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகத் திரும்புகிறது, அப்போது ஒரு பல் வந்து நிற்கும் இடம் முன்பு வேறொரு பல் நின்ற இடத்துக்குச் சற்றுப் பின்னால் இருந்தால் பல் பின்வாங்குவது போலத் தெரியும். பெல்ட் போட்டு வேகம் மாறும்போது ஏதோ ஒரு வேகத்தில் அப்படியே நின்றது போலவும் தெரியும். நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை வைத்தால் விரல் போய்விடும்.

ஒரு பென்சிலை டியூப் வெளிச்சத்தில் வேகமாக ஆட்டிப் பாருங்கள், நான்கைந்து தனித்தனிப் பென்சில் தெரியும். முதலாளியிடம் அதை ஆட்டிக் காட்டினாலே போதும். மருந்தும் எளிதுதான். எலெக்ட்ரானிக் சோக்கு நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் ஓட்டுவதால் இந்த மாயம் வராது. அல்லது மில்லில் மூன்று ஃபேஸ் இருக்கும், ரம்பத்துக்கு மேலே இருக்கும் மூன்று விளக்குக்கும் தனித்தனி ஃபேஸ் கொடுத்தால் ஒன்று மங்கும்போது மற்றது எரியும். எல்.இ.டி. போட்டாலும் பென்சில் சோதனை செய்துவிட்டே பணம் கொடுங்கள், மலிவு எல்.இ.டி. இதே நூறு தடவை துடிக்கிறது.

*பழைய டியூப் கை தவறி ஹாலில் விழுந்து நொறுங்கிவிட்டது. விஷம் என்கிறார்களே, குழந்தை இருக்கிற வீடு.*
*— வாசகி, தென்காசி*

பயப்படுகிற அளவுக்கு இல்லை அம்மா, ஒரு டியூபில் இருக்கும் பாதரசம் சில மில்லிகிராம்தான். ஆனால் துடைப்பத்தை எடுக்காதீர்கள், வாக்குவம் கிளீனரும் கூடாது, இரண்டும் அந்தத் தூளைக் காற்றில் கிளப்பிவிடும். குழந்தையை வெளியே அனுப்பி, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து கால் மணி நேரம் விடுங்கள். கெட்டி அட்டை இரண்டால் சில்லைக் கூட்டி எடுங்கள், மிச்சத் தூளை ஈரக் காகிதத்தால் ஒற்றி, எல்லாவற்றையும் மூடி இறுக்கமான பாட்டிலில் போடுங்கள். பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம், மின்கழிவு விதிகளில் குழல் விளக்கும் அடக்கம் என்பதால் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

*செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்து வீடு எங்களுடையது, 1956க்கு முந்தியது. பழைய பட்டியிலேயே எல்.இ.டி. டியூப் மாட்டினோம். அணைத்த பிறகும் ராத்திரி மின்மினி மாதிரி மங்கலாக எரிகிறது. சோக்கையும் கழற்றிவிடலாமா?*
*— வாசகர், செங்கோட்டை*

மின்மினிக்குக் காரணம் மேலே சொன்ன அதே நியூட்ரல் ஸ்விட்சாக இருக்கலாம். ஸ்விட்சில் குட்டிச் சிவப்பு விளக்கு இருந்தால் அது வழியாகக் கசிகிற கரண்ட்டும் இப்படிச் செய்யும். அவ்வளவு பழைய வீட்டில் முதல் காரணத்தைத்தான் சந்தேகப்படுவேன். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸை ஸ்விட்சுக்கு மாற்றச் சொல்லுங்கள், பட்டியின் தகரத்துக்கு எர்த் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

சோக்கைக் கழற்றுவது டியூபைப் பொறுத்தது. சில எல்.இ.டி. டியூபுக்குக் கரண்ட் ஒரே ஓரத்தில், சிலதுக்கு இரண்டு ஓரத்திலும், சிலதுக்குச் சோக்கு இருந்தாலும் பரவாயில்லை. டப்பாவில் படம் போட்டிருக்கும், அந்தப் படத்துக்கு மேல் யார் பேச்சையும் கேட்காதீர்கள். சோக்கை எடுத்து நேர் கரண்ட் கொடுத்துவிட்டால் பட்டியின் உள்ளே ஒரு காகிதத்தில் "சோக்கு இல்லை, நேர் கரண்ட், சாதா டியூப் போடாதே" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து வீட்டில் வேறு யாரோ பரணில் கிடக்கும் பழைய டியூபை எடுத்து மாட்டுவார். ஒரே ஓரத்தில் ஃபேஸும் நியூட்ரலும் கொடுத்த பட்டியாக இருந்தால் ஸ்விட்ச் போட்டதும் அது படீர் என்று போகும்.