செட்டியார் தெரு அண்ணன்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செட்டியார் தெரு அண்ணனுக்கு நீங்கள் எழுதிய அஞ்சலியைப் படித்தேன். பதினொரு வயதில் அவரைக் கொழும்பில் விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏற அந்தத் தாய் தகப்பனுக்கு எப்படி மனம் வந்தது? என் பாட்டியும் 1970இல் இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவிலிருந்து வந்தவர்தான். கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

ஒரு வாசகி, கோத்தகிரி

அன்பின் சகோதரிக்கு,

மனம் வந்து போனவர்கள் இல்லை அவர்கள். இதே கேள்வியைப் பலர் அண்ணனிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். கேட்டால் எழுந்து போய்விடுவார்.

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், இலங்கையில் நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினர் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். பயணத் தேதி வந்த குடும்பத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் எங்கே தெரியும்? தோட்டத்தில் கணக்கு முடிந்தாயிற்று, செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் பேர் இல்லை, லயக் காம்பரா என்ற வரிசை வீட்டு அறைக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறான். விசா முடிந்தும் தங்கினால் பொலிஸ் வரும். கப்பலுக்குப் போகும் தலைமன்னார் கோச்சியை, அதாவது ரயிலை, தவறவிட முடியாது.

அண்ணன் அப்போது கொழும்புச் செட்டியார் தெருவில் ஒரு கடையில் எடுபிடி. தோட்டத்துப் பிள்ளைகளைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்புவது அன்று சாதாரணம், வீட்டில் ஒரு வயிறு குறையும். கூட்டிப் போக அப்பா வந்திருக்கிறார். "பொடியன் காலி ஊர்க் கடையில நிக்கிறான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொடியன் பின்கட்டில் சாக்கு மடித்துக்கொண்டிருந்தான். முதலாளி செத்த பிறகுதான் பழைய கணக்கப்பிள்ளை இதை அண்ணனிடம் சொன்னார். கோபப்பட வேண்டுமென்றால் அந்தக் கடைக்காரர்மேல் கோபப்படுங்கள்.

அண்ணன் தேடாமலும் இல்லை. எழுபதுகளில் இலங்கை வானொலியைத் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கேட்டார்கள் அல்லவா? அதை நம்பி, சம்பளத்தில் தபாலட்டை வாங்கி நேயர் விருப்பத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். பாட்டு எதுவானாலும் சரி. விரும்பிக் கேட்பவர்கள் என்று அப்பா, அம்மா, தங்கச்சி, தம்பி, அப்புறம் தன் பேர், கடைசியில் தோட்டத்தின் பேர். ஐந்து பேரும் ஒரே வீட்டில் இருந்து பாட்டுக் கேட்பதுபோலவே எழுதுவார். அனுப்பாமல் மிஞ்சிய ஓர் அட்டையை எனக்குக் காட்டினார். தங்கச்சி பேருக்குப் பக்கத்தில் வயது 6 என்று போட்டிருந்தது. அதை எழுதியபோது அவளுக்குப் பன்னிரண்டாவது ஆகியிருக்கும்.

சில அட்டைகளை வாசித்தார்கள். பதில் வரவில்லை. 1984இல் கப்பலும் நின்றுபோனது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் குடியுரிமை கிடைத்ததும் பாஸ்போட் எடுத்துக்கொண்டு மண்டபம், கூடலூர், உங்கள் கோத்தகிரி என்று அலைந்துவிட்டு வந்தார். நீலகிரியின் டான்டீ அரசுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கர்நாடகத்துச் சுள்ளியா றப்பர் தோட்டம் வரைக்கும் சிதறிப்போன சனத்தில், ஒரு தோட்டத்துப் பேரை மட்டும் வைத்துக்கொண்டு யாரைக் கண்டுபிடிக்கிறது?

பாட்டியிடம் ஏன், எப்படி என்று கேட்காதீர்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், கூடக் கோச்சி ஏறியது யார் யார் என்று கேளுங்கள். அண்ணனின் தோட்டமும் மஸ்கெலியாப் பக்கம்தான். தங்கச்சிக்கு இப்போது அறுபது தாண்டியிருக்கும். அந்த ஐந்து பேர்களையும் தனி மின்னஞ்சலில் அனுப்புகிறேன், பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள்.